வான்வெளியில் தூரமும் காலமும்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் தலைநகரான டோக்கியோவுக்குச் செல்லும் விமானங்கள், 2022 ஆம் ஆண்டின் ஆரம்பம் வரை சுமார் ஒன்பதரை மணித்தியாலங்களில் அங்கு சென்றடைந்தன. இன்று அதே பயணத்துக்குச் சுமார் 13 மணித்தியாலங்கள் தேவைப்படுகின்றன. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. விமானங்களின் வேகமும் குறைந்துவிடவில்லை. அவ்வாறாயின் மாறியது எது?

தட்டையான தேசப்படத்தில் நேர்கோடாகத் தெரிவது உண்மையில் மிகக் குறுகிய வழியன்று. பூமியுருண்டையொன்றின் மீது இவ்விரு நகரங்களுக்கிடையே நூலொன்றை இழுத்துப் பிடித்தால், அது வடக்காக வளைந்து ரஷ்யாவின் சைபீரியப் பிரதேசத்துக்கு மேலாகச் செல்வதைக் காணலாம். இவ்வழியே தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் பறக்கும் விமானம், மேலெழவும் தரையிறங்கவும் செலவாகும் நேரத்தையும் சேர்த்து, ஒன்பதரை மணித்தியாலங்களில் இதனைக் கடந்துவிடும். மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் உயர்வளிமண்டலக் காற்று காரணமாக, திரும்பி வரும் பயணம் வழமையாகச் சற்று நீளும்.

ஆனால், வானம் எவருக்கும் பொதுவானதல்ல. ஒவ்வொரு நாடும் தனது நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்பரப்பின் மீது முழுமையான இறைமை கொண்டது என்பதை 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ சமவாயம் ஏற்றுக்கொண்டுள்ளது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்ததும், ஐரோப்பிய ஒன்றியம் தனது வான்பரப்பை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. பதிலுக்கு ரஷ்யாவும் தனது வான்பரப்பை மூடியது. அன்றுமுதல் பின்லாந்து விமானங்கள் ஒன்றில் வடதுருவத்தையும் அலாஸ்காவையும் சுற்றியோ, அன்றேல் தெற்கே துருக்கி, மத்திய ஆசியா, சீனா வழியாகவோ பறக்க வேண்டியுள்ளது. துருவ வழியில் தூரம் 12,000 கிலோமீற்றரையும் தாண்டுகின்றது.

இது புதிய அனுபவமுமன்று. சோவியத் வான்பரப்பு மூடப்பட்டிருந்த பனிப்போர்க் காலத்தில், 1983 இல், பின்லாந்து விமானம் இதே நகரங்களுக்கிடையே எங்கும் தரிக்காது பறக்கத் தொடங்கியபோதும் துருவத்தைச் சுற்றியே சென்றது. அப்போதும் பயண நேரம் சுமார் 13 மணித்தியாலங்களே. பின்னர் அவ்வான்பரப்பு திறக்கப்பட்டதால் மீதமான நேரத்தை யுத்தமொன்று ஒரே வாரத்தில் பறித்துக்கொண்டது.

மேலதிக எரிபொருளின் செலவு இறுதியில் பயணியின் தலையிலேயே விழுகின்றது. வெளியேறும் புகையின் சுமையோ அனைவருக்கும் உரியது. சீன விமானங்கள் ரஷ்ய வான்வழியே தொடர்ந்து பறப்பதால், ஆசியாவுக்கான குறுகிய வழி என்ற பின்லாந்தின் அனுகூலமும் கைநழுவியுள்ளது.

மூடப்பட்ட பாதைகளின் விலையை வாழ்ந்து அறிந்தவர்கள் எமது வாசகர்கள். தூரத்தை அளப்பது பூகோளம். பயண நேரத்தைத் தீர்மானிப்பது, பல வேளைகளில், அயலவர்களுக்கிடையே நிலவும் சமாதானமே.