சொற்கள் மறையும் நகரம்: கோதாரின் ‘ஆல்ஃபாவீல்’ படத்தில் மொழியும் இயக்கமும்

திரைப்பட இயக்கத்தைப் பற்றி எழுதுவோர் ஒளியமைப்பு, சட்டகம், படத்தொகுப்பு ஆகியவற்றையே பெரிதும் அளவுகோலாகக் கொள்வர். மொழியைக் கையாளும் முறையும் இயக்கத்தின் ஒரு கூறே என்பது அத்துணைக் கவனம் பெறுவதில்லை. வருங்காலத்தின் இருண்ட சமூகத்தைக் காட்டும் அறிவியல் புனைவுப் படங்களுள், ழான் லுக் கோதார் 1965இல் இயக்கிய ‘ஆல்ஃபாவீல்’ இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்ற இப்பிரெஞ்சுப் படத்தில், துப்பாக்கியைவிட வலிய அடக்குமுறைக் கருவியாக வருவது ஓர் அகராதி.

கதை சிறிது. லெம்மி கோஷன் என்னும் உளவாளி செய்தியாளர் வேடத்தில் ஆல்ஃபாவீல் நகருக்கு வருகிறான். அந்நகரை ஆல்ஃபா 60 என்னும் கணிப்பொறி ஆள்கிறது. அதனை உருவாக்கிய பேராசிரியரைத் தேடி வந்தவன் அவர் மகள் நத்தாஷாவைச் சந்திக்கிறான். தருக்கத்திற்குப் புறம்பாக நடந்தோர் அங்கே நீச்சல் குளத்தின் விளிம்பில் நிறுத்திச் சுடப்படுகின்றனர். மனைவி இறந்தபோது அழுதான் என்பதே அவர்களுள் ஒருவன் செய்த குற்றம்.

வருங்கால நகரம் ஒன்றைக் காட்டக் கோதார் அரங்கம் எதுவும் எழுப்பவில்லை. 1965ஆம் ஆண்டுப் பாரிஸ் நகரின் இரவுத் தெருக்களும், அக்காலத்தில் புதிதாக எழுந்திருந்த கண்ணாடிச் சுவர்க் கட்டடங்களும், நீண்ட நடைகூடங்களுமே ஆல்ஃபாவீல் ஆயின. ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார் மிகக் குறைந்த வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளையில் இவற்றைப் பதிவு செய்தார். பின்னொளி பாய்ச்சிய ஒரு மின்விசிறி கணிப்பொறியின் முகமாகிறது. பொருள் மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியது. பெயர் மாறியதும் பார்வையாளன் பழகிய தெருவை அயல்நகரமாகக் காண்கிறான். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையானதன்று, வழக்கால் அமைந்ததே என்று மொழியியலார் வகுப்பறையில் விளக்குவதை இவ்வியக்குநர் செலவின்றிச் செய்துகாட்டினார் எனலாம்.

ஆல்ஃபா 60இன் குரல் தனியே ஆராயத்தக்கது. அது கருவியால் ஆக்கப்பட்ட செயற்கைக் குரல் அன்று. குரல்வளையின் செயலை இழந்து, மீண்டும் பேசப் பழகிக்கொண்ட ஒரு மனிதரின் குரல். இயல்பான பேச்சில் குரல்நாண்களின் அதிர்வே சுருதியின் ஏற்ற இறக்கத்தைத் தருகிறது. வாயும் நாவும் அவ்வொலியை உயிராகவும் மெய்யாகவும் வடிக்கின்றன. அவ்வதிர்வு இல்லாதபோது சொற்கள் தெளிவாகவே கேட்கலாம். ஆனால் ஐயம், கெஞ்சல், பரிவு முதலியவற்றைச் சுமக்கும் ஏற்ற இறக்கம் பெரிதும் குன்றிவிடும். உணர்ச்சியைத் தடைசெய்த அரசுக்கு இதைவிடப் பொருத்தமான ஒலிவடிவம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. மறுபுறம், பேச்சை இழந்த ஒருவர் பெருமுயற்சியால் மீட்டெடுத்த குரல் அது. பேச்சைப் பறிக்கும் பொறிக்கு அதனைக் கோதார் கொடுத்திருப்பது நம்மைச் சற்றே உறுத்துகிறது. அவ்வுறுத்தல் படத்திற்கு நன்மையே செய்கிறது.

இனி அகராதி. விடுதி அறையில் ‘விவிலியம்’ என்ற பெயரில் ஒரு நூல் இருக்கிறது. அது உண்மையில் சொல்லகராதி. நாள்தோறும் சில சொற்கள் நீக்கப்படுகின்றன. பழைய படி அகற்றப்பட்டுப் புதிய படி வைக்கப்படுகிறது. தனக்குப் பிடித்திருந்து மறைந்துபோன சிலவற்றை நத்தாஷா நினைவுகூர்கிறாள்: செங்கழுத்துக் குருவியின் பெயர், அழுதல், இலையுதிர்கால ஒளி, கனிவு. ஆர்வெல் 1949இல் தம் புதினத்தில் படைத்த அரசுமொழியை இது நினைவூட்டும். எனினும் இப்பட்டியலில் ஒரு நுட்பம் உண்டு. ‘இலையுதிர்கால ஒளி’ என்பது ஒரு சொல் அன்று, தொடர். இலையுதிர்காலம் என்பதும் ஒளி என்பதும் அகராதியில் தனித்தனியே எஞ்சியிருக்கக்கூடும். அப்படியெனில் தடைக்குள்ளானது அவற்றின் சேர்க்கை. சேர்க்கையோ அகராதிக்குரியதன்று, இலக்கணத்திற்குரியது. இரு சொற்களைப் பேசுவோரிடம் விட்டுவைத்த எவ்வரசும் மூன்றாவதொன்றைத் தடுத்தல் அரிது. இவ்வளவையும் இயக்குநர் எண்ணினாரோ இல்லையோ, கதை இவ்வழியிலேயே செல்கிறது.

மற்றொரு தடை ‘ஏன்’ என்ற வினாவின்மேல். ஆல்ஃபாவீல் மக்கள் ‘ஏன்’ என்று கேட்கலாகாது. ‘ஏனெனில்’ என்று மட்டுமே சொல்லலாம். பிரெஞ்சு மொழியில் இவ்விரண்டும் வடிவத்தால் வேறுபட்டவை. ஆகவே ஒன்றை நீக்கி மற்றதை வைத்துக்கொள்ள இயலும். தமிழில் அது கூடாது. ஏனெனில் என்பது ஏன் + எனில். ‘ஏன் என்று கேட்டால்’ என்பதே அதன் பொருள். வினா உள்ளே நின்றே விடையைத் தொடங்கிவைக்கிறது. ஆதலால், ஆகையால் போன்ற சொற்களைக் கொண்டு தமிழ் ஆல்ஃபாவீல் ஒருவாறு பிழைக்கலாம், அது வேறு.

படம் குறையற்றது என்பதற்கில்லை. சண்டைகளும் கார்த் துரத்தல்களும் துப்பறியும் படங்களைப் பகடி செய்வன என்றாலும், இடைப்பகுதியில் கணிப்பொறியின் நீண்ட சொற்பொழிவு அயர்வூட்டுகிறது. உணர்ச்சியை மீட்கும் ஆற்றல் முழுவதும் வெளியிலிருந்து வந்த ஆடவனுக்கே உரியது என்ற எண்ணமும் ஏற்கத்தக்கதன்று. மறு ஆண்டில் வந்த த்ரூஃபோவின் ‘ஃபாரன்ஹீட் 451’, எழுத்து தடைசெய்யப்பட்ட உலகைக் காட்டத் தொடக்கப் பெயர்ப்பட்டியலை எழுத்தின்றிக் குரலால் சொல்லவைத்தது. அந்த ஓர் உத்தியின் கச்சிதம் கோதாரிடம் எங்கும் இல்லை.

இறுதிக் காட்சி அக்குறைகளை மறக்கச் செய்கிறது. நகரம் குலைய, இருவரும் காரில் வெளியேறுகின்றனர். எதைச் சொல்ல வேண்டும் என நத்தாஷாவுக்குத் தெரியவில்லை. லெம்மி சொல்லித்தர மறுக்கிறான். அவளே கண்டடைய வேண்டும் என்கிறான். கேமரா அன்னா கரினாவின் முகத்தில் நிற்கிறது. ‘ழ’, ‘வூ’, ‘எம்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பின்னர் சேர்த்துச் சொல்கிறாள். முதலில் ‘நான்’, அடுத்து ‘நீங்கள்’, கடைசியில் ‘நேசம்’. தன்னைக் கண்டு, பிறனைக் கண்டு, அதன் பின்னரே உறவைக் காண்கிறாள். பிரெஞ்சில் செயப்படுபொருட் பெயர் வினைக்கு முன்னர் வருவதால்தான் இவ்வரிசை அமைந்தது. ஆங்கிலத் துணைத்தலைப்பு சொற்களை அவளுடைய மூச்சுக்கேற்ப உடைத்துத் தந்தால் நேசம் இடையில் வந்துவிடும். பிறன் கடைசிக்குத் தள்ளப்படுவான். ‘நான் உங்களை நேசிக்கிறேன்’ என்னும் தமிழ் வரிசை மூலத்தோடு ஒத்துச் செல்கிறது. மரியாதைப் பன்மையும் தப்புகிறது. அவள் ‘நீ’ என்னவில்லை. ஒரே இடர்ப்பாடு, நம் வினைமுற்று விகுதியிலும் தன்மை இடம் மறுபடி வருவது. துணைத்தலைப்பு எழுதுவோர் எழுவாயைச் சுருக்கம் கருதி விட்டுவிடும் வழக்கம் உண்டு. இவ்வொரு வரியில் அதனை விடலாகாது. அவள் தேடிக் கண்ட முதற்சொல் அதுவே.