பரணில் தூங்கும் லேப்டாப்பை எழுப்புங்கள்!

"பையன் பிளஸ் டூவில வாங்கின லேப்டாப், பரண்மேல சும்மா கிடக்கு. ஆன் பண்ணினா ஒரு யுகம் ஆகுது!" என்று அலுத்துக்கொள்கிறீர்களா, பம்மல் சகோதரிகளே? பழைய இரும்புக்குப் போடுமுன் லினக்ஸைப் போட்டுப் பாருங்களேன்!

அரசு 2011-இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. காசில்லை, தமிழும் உண்டு. இத்தகைய திறமூல மென்பொருளை வளர்க்க 2005-இல் எழுந்த தேசிய மையத்தில், நம் பக்கத்துக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஆய்வு மையத்துக்கும் பங்குண்டு.

முதல் வேலை: குழந்தையின் படங்கள், சான்றிதழ்கள் யாவையும் வேறு பென்டிரைவில் பிரதி எடுத்து, திறந்தும் பார்த்துவிடுங்கள். டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவினால் பழையது எதுவும் மிஞ்சாது.

பிறகு, வேறு கம்ப்யூட்டரில் லினக்ஸை இறக்கி, 8 ஜி.பி. பென்டிரைவில் 'ரூஃபஸ்' போன்ற மென்பொருளால் பதியுங்கள். வெறுமனே காப்பி செய்தால் ஓடாது.

அதைப் பழைய லேப்டாப்பில் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 தட்டுங்கள். சில மாடல்களில் வேறு விசை. அவசரப்பட்டு நிறுவாதீர்கள். 'லைவ்' முறையில் ஓட்டி வைஃபை, ஒலி, தமிழ் எழுத்து சரியா என்று பாருங்கள். மெஷின் திணறினால், இன்னும் இலகுவான 'லுபுண்டு' இருக்கவே இருக்கிறது. திருப்தியானால் சார்ஜரைச் செருகியபடியே நிறுவுங்கள்.

புது லேப்டாப் செலவு மிச்சம். பிள்ளைக்கும் படிக்க ஒன்றாச்சு!