ஓட்டை பொருந்தினால் போதாது: பழைய ஜீப் பிக்கப்புக்கு வீல் மாற்றும் முன்

பழைய ஜீப்பையோ ஜீப் பிக்கப்பையோ வாங்கிப் புதுப்பிக்கிற பலரும் முதலில் கை வைப்பது வீலில்தான். ஒல்லியான இரும்பு வீலைக் கழற்றிவிட்டு அகலமான அலாய் போடுவார்கள். அது உள்ளே ஸ்பிரிங் பட்டையிலோ ஸ்டியரிங் ராடிலோ உரசினால், நடுவில் ஒரு ஸ்பேசரைக் கொடுத்து வெளியே தள்ளிவிடுவார்கள். பட்டறையில் அரை நாள் வேலை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து எடை முழுவதும் அந்த வட்டத் தகட்டையும் ஐந்து நட்டையும் நம்பித்தான் ஓடுகிறது. இதை எடுத்துச் சொல்லிவிட்டு மாட்டுகிற பட்டறைகள் குறைவு.

வில்லிஸ் வழியில் வந்த ஜீப்புகளுக்கு 139.7 மி.மீ. வட்டத்தில் ஐந்து ஸ்டட். மாருதி ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் அதே அளவு. அதனால்தான் “அஞ்சு ஓட்டையும் கரெக்டா உக்காருது சார், போட்டுடலாம்” என்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்டுகளின் மையங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 82 மி.மீ. வந்தால் 139.7 வட்டம், 67 வந்தால் பல கார்களுக்கு வரும் 114.3. ஆனால் ஓட்டை பொருந்திய பிறகுதான் உண்மையான கேள்விகளே வருகின்றன. ரிம்மின் நடுத்துளை ஹப்பின் மேல் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா? நட்டின் சரிவும், ரிம்மில் அது உட்காரும் குழியின் சரிவும் ஒன்றா? பின் ஆக்சிலில் வரும் எடையில் பாதியை அந்த ரிம்மும் டயரும் தாங்குமா? டயரில் 91 என்று எடைக் குறியீடு இருந்தால் 615 கிலோ, 100 என்றால் 800 கிலோ. காருக்கென்று வார்த்த ரிம்மைப் போட்டு மூட்டை ஏற்றுவது விபரீதம்.

இவை எல்லாவற்றையும்விட ஆஃப்செட்டில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். ‘ஈ.டி. 20’ என்று பொறித்திருந்தால் அந்த முகம் 20 மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது. அதில் 25 மி.மீ. ஸ்பேசர் போட்டால் கணக்கு மைனஸ் 5 ஆகிவிடும்; இரு பக்கமும் சேர்த்து வீல்களின் இடைவெளி 50 மி.மீ. கூடும். எடை ஹப்பை விட்டு விலக விலக நெம்புவிசை கூடி, பேரிங்கும் கிங் பின்னும் தேயும். ஸ்டியரிங் கனக்கும், பள்ளத்தில் விழுந்தால் கையைப் பிடுங்கும். ஸ்பேசர் இல்லாமல் உட்காராத ரிம் உங்கள் வண்டிக்கான ரிம்மே இல்லை என்பதுதான் என் உறுதியான கருத்து. ஸ்பேசருக்குக் கொடுக்கும் காசையும் சேர்த்துச் சரியான ஆஃப்செட் உள்ள ரிம்மாகவே வாங்குங்கள்.

ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே ஒரு நட்டைக் கழற்றி, கையால் திருப்பி ஏற்றிச் சுற்றுகளை எண்ணுங்கள். மெல்லிய ஸ்பேசரை நுழைத்துப் பழைய ஸ்டட்டிலேயே முடுக்கியிருந்தால், அதன் தடிமன் அளவுக்கு நட் பிடிக்கும் மரை குறைந்திருக்கும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை நட்டுக்குள் போக வேண்டும்: அங்குலத்துக்கு 20 மரை உள்ள அரை அங்குல ஸ்டட் என்றால் 10 சுற்று. பழைய வில்லிஸ் வகை வண்டிகளில் இடப்பக்க ஸ்டட்டுகள் இடது மரையாக இருக்கும். அது தெரியாமல் கன்னை வைத்துக் கழற்றப் போனால் ஸ்டட் முறியும். நட்டின் அடியிலிருந்து கீற்றாக வெளியே ஓடும் துருக்கோடு, குழியைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்த வளையம், நீள்வட்டமாகிப்போன ஓட்டை ஆகியவை வீல் தளர்ந்து ஓடியதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் இறுக்கிவிட்டுக் கிளம்பக் கூடாது. ரிம்மையும் ஸ்டட்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

சட்டமும் இதில் கடுமையாகவே இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

விபத்துக்குப் பிறகு, “வண்டியை மாற்றியிருக்கிறீர்கள்” என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் உங்கள் வண்டிச் சேதத்துக்கான தொகையை மறுக்கலாம். அதோடு ஓய்ந்துவிடாதீர்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். விபத்துக்கு வீல்தான் காரணம் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நிபந்தனை மீறல் அடிப்படையானதாக இல்லாவிட்டால் 75 சதவீதம் வரை கொடுத்துத் தீர்க்கும் முறையை 2010-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் எழுதிக் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் கிடையாது.

ஸ்பேசரையோ ரிம்மையோ விற்றவரைக் கேட்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. லேத்தில் கடைந்த, பெயரில்லாத ஸ்பேசர்தான் இங்கே அதிகம் புழங்குகிறது. தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருளால் தீங்கு வந்தால் விற்றவரே பொறுப்பு என்கிறது 86-ஆவது பிரிவு. ஆனால் அவர்தான் விற்றார் என்பதற்குச் சான்று வேண்டுமே! பில் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிகம் என்று இச்சட்டம் சொல்கிறது. அதனால் ஸ்பேசரின் தடிமன், ரிம் அளவு, மாட்டிய தேதி, கிலோமீட்டர் எல்லாம் எழுதிய பில்லை வற்புறுத்தி வாங்குங்கள். வாடகைக்கு ஓடும் பிக்கப்புக்கு இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுபவரும் இச்சட்டப்படி நுகர்வோர்தான்.

வீல் கழன்றுவிட்டால் உடைந்த ஸ்டட், நட், ஸ்பேசர் எதையும் “வேற போட்டுத் தர்றேன்” என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, பத்திரப்படுத்துங்கள். குறையுள்ள பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. புகாருக்கு அவகாசம் 2 ஆண்டு. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.