ஸீனும் ஸாதும் பிரிந்து கேட்கிறதா?

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் ராத்தாவின் மகன், யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து ஒரு சிறிய பெட்டியைத் திறந்தார். உள்ளே பெரிய பேரீச்சம் விதையளவில் இரண்டு உருப்படிகள், ஒரு மெல்லிய வயர்.

"மாமா, இதன் விலையைச் சொல்லுங்கள் பார்ப்போம்."

பத்தாயிரம் ரூபாய் இருக்கும் என்றேன். சிரித்துவிட்டு, ஆயிரம் டொலருக்கு மேல் என்றார். நமது காசில் மூன்று இலட்சத்தைத் தாண்டுகிறது. காதுக்குள் நுழைத்துக் கேட்கும் உயர்ரக இயர்போனாம் அது. அந்தப் பணத்தில் எங்கள் மத்ரஸாவின் கூரையில் பாதியை மாற்றலாமே என்று என் மனம் கணக்குப் போட்டது. வாய்திறந்து சொல்லவில்லை, உழைத்த பிள்ளையின் காசு.

ஒரு மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். ஓதிக் கொடுப்பவனுக்குக் காதுதான் கருவி. ஸீனுக்கும் ஸாதுக்கும், பெரிய காஃபுக்கும் சின்னக் காஃபுக்கும், தொண்டையின் நடுவிலிருந்து வரும் ஹாவுக்கும் அடியிலிருந்து வரும் ஹாவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுக் கேட்டே இருபது வருடம் போய்விட்டது. தமிழில் ல, ள, ழ மூன்றையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டும் ஆசிரியருக்கும் இதே பாடுதான். இப்போது எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் ஓதலைக் கைத்தொலைபேசியில், இயர்போன் வழியாகத்தான் கேட்கிறார்கள். ஆகவே எந்த இயர்போன் எழுத்துக்களைப் பிரித்துத் தருகிறது என்று அறிய எனக்கு உண்மையிலேயே ஆசை வந்தது.

மருமகனின் விலையுயர்ந்தது ஒன்று. பரிசாகக் கொடுக்க அவர் வாங்கி வந்த இருபது டொலர் சீனத் தயாரிப்பு ஒன்று. யாழ் நகரில் நடைபாதைக் கடையில் சில நூறு ரூபாய்க்கு என் மாணவன் ஒருவன் வாங்கியது ஒன்று. மூன்றையும் ஒப்பிட உட்கார்ந்தோம். இது விளம்பரமாகவோ பழியாகவோ ஆகிவிடக் கூடாது என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

தொடங்கும் முன் மருமகன் ஒரு காரியம் செய்தார். மூன்றிலும் ஒரே ஓசையை ஓடவிட்டு, சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி சரிசெய்தார். சற்றுக் கூடுதலான சத்தத்தில் கேட்பதை மனிதக் காது 'தரமானது' என்று நம்பிவிடும். கடைக்காரர் இரண்டு இயர்போன்களைக் காட்டும்போது ஒன்றின் சத்தம் மட்டும் கூடியிருந்தால் அதைத்தான் நாம் வாங்கி வருவோம் என்றார்.

முதலில் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் ஓதலைப் போட்டோம். முழுக் குர்ஆனையும் ஒலிப்பதிவில் முதன்முதலாக ஓதி முடித்தவர் அவர். 1961இல் எகிப்தில் வெளியானது. மூன்று இயர்போனிலும் எனக்கு எல்லா எழுத்தும் தெளிவாகக் கேட்டது! பிறகுதான் பிழை விளங்கியது. மனனமாயிருப்பதை நான் காதால் கேட்கவில்லை, நினைவால் கேட்கிறேன். விடுபட்டதை மனம் நிரப்பிவிடுகிறது.

இந்த இடத்தில் வேறொன்று ஞாபகம் வருகிறது. 1990 ஒக்டோபர் 30இல் இந்தத் தெருவிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது, புத்தளத்தில் வளர்ந்தேன். திரும்பி வந்த பின்னர் இங்குள்ள தமிழ் நண்பர்கள் சொன்னது இது. மின்சாரமும் இல்லை, தடையினால் பற்றரியும் இல்லை என்றிருந்த அந்த வருடங்களில், சைக்கிளை நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டார்களாம். கெசட் போட்டால், சுற்றுகிறவர் களைக்கும்போது பாடகரின் குரலும் இழுபடும். ஆனாலும் பாட்டை முழுசாகத்தான் கேட்டோம் என்றார் ஒருவர். தெரிந்த பாட்டல்லவா!

ஆகவே பரிசோதனையை மாற்றினோம். பொருளில்லாத ஒற்றை ஒலிகளை நானே ஓதிப் பதிவு செய்தேன். மருமகன் அவற்றை முன்பின்னாகக் கலைத்துப் போட, கேட்பவர் எழுத்தைத் தாளில் எழுத வேண்டும்.

நடைபாதை இயர்போனில் நான் பலமுறை தடுமாறினேன். அதில் தாழ்ந்த ஓசை வீங்கிப் போய் எல்லா எழுத்துக்கும் ஸாதின் கனத்தைக் கொடுத்தது. நாக்கு நுனியை மேற்பல்லின் ஓரத்தில் வைத்து உச்சரிக்கும் மூன்று புள்ளி ஸா, வெறும் ஸீனாகக் கேட்டது. இருபது டொலர் இயர்போனில் இந்தக் குழப்பம் அநேகமாக மறைந்தது. மூன்று இலட்சத்தில்? எழுத்துக்களைப் பொறுத்தவரை அதைவிடக் கூடுதலாக ஒன்றும் இல்லை. ஆனால் ஓதுபவர் மூச்செடுப்பதும், பின்னால் யாரோ செருமுவதும், குரல் சுவரில் பட்டு மெல்ல அடங்குவதும் கேட்டன. அழகுதான், மறுக்க மாட்டேன். அதே இயர்போன் பழைய பதிவின் இரைச்சலையும், வட்ஸ்அப்பில் கை மாறி மாறி வந்த கோப்பின் கரகரப்பையும் கூட எடுத்துக் காட்டியது. பதிவில் இல்லாததை எந்த விலைக் கருவியும் கொண்டு வராது.

காரணத்தை மருமகன் விளக்கினார். மனிதக் காது ஒரு செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளைக் கேட்கும் (நாற்பதைத் தாண்டிய என் போன்றோருக்கு உச்சியில் சில ஆயிரம் ஏற்கனவே போய்விட்டது). ஸீனின் சீறல் பெரும்பாலும் 4,000க்கு மேலே இருக்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 வரைதான் கடத்தியது. அதனால்தான் போனில் ஊர்ப் பெயரைச் சொன்னால் எழுத்துக் கூட்டச் சொல்வார்கள்.

அடுத்தது காதின் அமைப்பு. திறந்த காதுத் துவாரம் 3,000 அதிர்வை ஒட்டிய ஓசையைத் தானாகவே உயர்த்திக் கொடுக்கிறது. அதை அடைத்தால் அந்த உயர்வு இல்லாமற் போகும். ஆகவே இயர்போன் செய்பவர் அதைத் திருப்பிக் கொடுக்கும் விதமாகச் சுருதி கூட்ட வேண்டும். எவ்வளவு கொடுத்தால் மக்களுக்கு இயல்பாகக் கேட்கிறது என்று ஹார்மன் நிறுவனத்தின் ஷோன் ஓலிவும் சகாக்களும் ஆட்களை உட்கார்த்திக் கேட்கவைத்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். அந்த அறிவு வெளியே வந்ததும் இருபது டொலர்க்காரரும் அதைப் பின்பற்றத் தொடங்கிவிட்டார்.

இந்தக் கருவியின் வரலாறும் சுவையானது. 1991இல் அமெரிக்காவில் மீட் கிலியனின் எட்டிமோட்டிக் நிறுவனம் வெளியிட்ட ஈஆர்-4 இயர்போனுக்குள் இருந்தது, காது கேளாதோரின் கருவியில் பயன்படும் வகையைச் சேர்ந்த நுண்ணிய ஒலிப்பொறி. 1995இல் ஜெரி ஹார்வி என்ற ஒலி வல்லுநர், வான் ஹேலன் இசைக்குழுவின் டிரம் வாசிப்பவர் மேடையில் தம் வாசிப்பைத் தெளிவாகக் கேட்பதற்காக ஒன்றைச் செய்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. பிறகு உள்ளே எத்தனை பொறி என்ற போட்டி ஏற்பட்டது. ஷூர் நிறுவனத்தின் எஸ்இ846இல் (2013) நான்கு. ஆனால் சென்ஹைசரின் ஐஇ900இல் (2021) 7 மில்லிமீற்றர் அளவில் ஒன்றே ஒன்று. விலையோ இன்னும் அதிகம். எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது, பக்கத்தைப் பார்த்துக் கிதாபு வாங்குவது போலத்தான்.

விலை பற்றி ஒரு ஆய்வே உண்டு. 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்பவர், காதுக்குள் வைப்பவை உட்பட 283 ஹெட்போன்களின் ஓசை அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். தாழ்ந்த ஓசையிலிருந்து உயர்ந்த ஓசை வரை எதை எவ்வளவு கொடுக்கிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே காணப்படவில்லை. உறுதியும் அழகும் மாற்றக்கூடிய வயரும் விலைக்குக் கிடைக்கலாம். ஓசை கிடைக்கும் என்பதற்கு விலை சாட்சியல்ல.

விலையை விடப் பெரிய வித்தியாசத்தைச் செய்தது நுனியில் மாட்டும் றப்பர். பெட்டியில் மூன்று அளவு கொடுக்கிறார்கள். பலர் மாற்றிப் பார்ப்பதேயில்லை. துவாரம் சரியாக அடைபடாவிட்டால் தாழ்ந்த ஓசை கசிந்து போய்க் குரல் மெலிந்துவிடும். என் வலக் காதுக்குப் பெரியதும் இடக் காதுக்கு நடுத்தரமும் பொருந்தின.

கடைசியாக அந்த நடைபாதை இயர்போனின் சொந்தக்காரனை அழைத்தோம். பதினேழு வயது, நல்ல ஓதல். மூன்று இலட்ச ரூபாய்ப் பொருளை அவன் காதில் வைத்து, றப்பரையும் பொருத்தினோம். எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தேன். மூன்று புள்ளி ஸா வந்த இடமெல்லாம் ஸீன் அல்லது ஃபா. மறுபடி செய்தோம்; அதே கதை. சில மாதங்களாக அவன் இந்த எழுத்துக்களில் தவறும்போதெல்லாம் கவனக்குறைவு என்று கடிந்திருக்கிறேன். கேட்கும் கருவி மட்டமானது என்றும் நினைத்திருந்தேன்.

"ஹஸ்ரத், இரவில் காதுக்குள் ஒரு கீச்சுச் சத்தம் இருக்கிறது. எல்லாருக்கும் இருக்கும் என்று நினைத்தேன்" என்றான்.

அவனுடைய வாப்பாவும் உம்மாவும் புத்தளத்தில். மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் வருவான். இயந்திர இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமென்று சத்தத்தை முழுதாகக் கூட்டுவான். காதை அடைக்காத அந்த இயர்போனில் வேறு வழியும் இல்லை. மத்ரஸாவில் படுக்கும்போதும் அதே அளவு. வைத்தியரிடம் அனுப்பினோம். செவிப் பரிசோதனைத் தாளில் கோடு ஒழுங்காக வந்து 4,000 அதிர்வில் பள்ளமாக இறங்கியிருந்தது. அதிக சத்தத்தால் உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் செத்தால் விழும் பள்ளம் அது. அக்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 89 என்றால் வாரம் முழுவதுக்கும் ஐந்தே மணித்தியாலம். சிறுவர்களுக்கு 40 மணித்தியாலத்துக்கே 75தான். நன்றாக அடைக்கும் இயர்போன் வெளி இரைச்சலைத் தடுப்பதால் பஸ்ஸிலும் தாழ்ந்த சத்தத்தில் கேட்க முடிகிறது. அந்த ஒரு விடயத்துக்காக இருபது டொலரைச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. தெருவில் நடக்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும். பின்னால் வரும் வாகனம் கேட்காது.

மருமகன் அந்தச் சீன இயர்போனை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். கைத்தொலைபேசியில் சத்தத்தின் உச்ச வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறோம். வகுப்பில் அவனை முதல் வரிசைக்கு மாற்றினேன். மூன்று புள்ளி ஸா வரும்போது நான் நாக்கு நுனியைக் கொஞ்சம் கூடுதலாக வெளியே காட்டி ஓதுகிறேன். அவன் கிதாபை விட்டுக் கண்ணை உயர்த்தி என் வாயைப் பார்க்கிறான்.