ஸ்பீடு பிரேக்கர் தாண்டியும் கார் ஆடுகிறதா? ஷாக் அப்சர்பரை மாற்றும் முன் இதைப் படியுங்கள்!

பருவமழை ஓய்ந்து, பொங்கலுக்குச் சொந்த ஊர் கிளம்பும் நேரம். கிளம்புவதற்கு முன் இன்ஜின் ஆயில் பார்ப்போம், டயரில் காற்று பிடிப்போம், ஏ.சி ஓடுகிறதா என்று பார்ப்போம். மழையில் பெயர்ந்த சாலைகளில் வாரக்கணக்கில் அடி வாங்கிய ஷாக் அப்சர்பரை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. 'கொஞ்சம் தூக்கிப் போடுது, அவ்வளவுதானே' என்று விட்டுவிடுகிறோம்.

அவ்வளவுதான் இல்லை. ஷாக் அப்சர்பர் தேய்ந்துபோன கார், பிரேக் பிடித்ததும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போகலாம். இது சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதைவிட, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

எடையைத் தாங்குவது ஷாக் அப்சர்பர் அல்ல!

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி விரிகிறது. ஆனால், ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங் உடனே அடங்காது. ஊஞ்சலைத் தள்ளிவிட்டதுபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சர்பரின் வேலை. அதற்குள் இருக்கும் ஆயில், சின்னச் சின்ன வால்வு துளைகள் வழியாகச் சிரமப்பட்டு நுழையும். அப்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறிவிடும். மோசமான சாலையில் வெகு தூரம் ஓடிய காரின் ஷாக் அப்சர்பர் சூடாக இருப்பது இதனால்தான்.

உள்ளே சீல் தேய்ந்து ஆயில் கசிந்தாலோ, வால்வு பலவீனமானாலோ ஆட்டம் அடங்காது. சக்கரம் சாலையைவிட்டுத் துள்ளும். துள்ளும் அந்த நொடியில் டயருக்குப் பிடிமானம் இல்லை. பிடிமானம் இல்லாத டயரில் பிரேக் பிடித்துப் பயன் இல்லை, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயன் இல்லை. ஏ.பி.எஸ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அதுவும் சாலையில் டயர் பதிந்திருந்தால்தான் வேலை செய்யும்.

'அந்தக் காலத்து அம்பாசடரில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அம்பாசடரின் பின்பக்கம் இருந்தது, பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடும். இன்றைய ஹேட்ச்பேக் கார்களில் இருக்கும் காயில் ஸ்பிரிங்கில் அந்த உரசல் கிடையாது. முழுப் பொறுப்பும் ஷாக் அப்சர்பர் தலையில்தான்.

ஸ்ட்ரட் என்றால் என்ன?

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான குடும்பக் கார்களின் முன்பக்கம் இருப்பது 'மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்'. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் இந்த அமைப்பு, 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தயாரான ஃபோர்டு கான்சல் காரில் வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இதில் ஷாக் அப்சர்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இணைந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்தத் தூணும் சேர்ந்து திரும்பும். அதாவது, இது ஆட்டத்தை அடக்குவதோடு சக்கரம் நிற்கும் கோணத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. பின்பக்கம் பெரும்பாலும் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சர்பர் தனியாகவும் இருக்கும். அதனால்தான் முன்பக்க வேலைக்கு நேரமும் கூலியும் அதிகம், பின்பக்க வேலை சுலபம்.

பின் சீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்

ஷாக் அப்சர்பர் ஒரே நாளில் செத்துப்போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும். தினமும் ஓட்டுபவரின் கை அதற்குப் பழகிவிடும். வித்தியாசம் முதலில் தெரிவது பின் சீட்டில் இருப்பவர்களுக்குத்தான். 'முன்னெல்லாம் இப்படித் தூக்கிப் போடாதே' என்று அம்மா சொன்னால், முதுகுவலிக்குத் தைலம் கொடுத்து அனுப்பாமல் காரை ஒருமுறை பாருங்கள்.

பொதுவாக 80,000 கிலோமீட்டரைத் தாண்டிய காரில் ஷாக் அப்சர்பரைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். பள்ளமும் மேடுமான சாலையில் ஓடும் காருக்கு அதற்கு முன்பே தேவைப்படலாம். ஸ்பீடு பிரேக்கர்களும் ஒரு காரணம். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாகச் சரிந்து ஏறி இறங்க வேண்டும். நம் தெருமுனையில் சிமென்ட்டைக் குவித்து வைத்திருப்பதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஷாக் அப்சர்பரின் கஷ்டம் புரியும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய 5 சோதனைகள்

1. அமுக்கிப் பாருங்கள்: காரின் ஒவ்வொரு மூலையையும் மூன்று, நான்கு முறை அழுத்திவிட்டு கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு, மூன்று முறை ஆடினால் சந்தேகப்படலாம். ஆனால், இதில் பாஸ் ஆகிவிட்டதாலேயே ஷாக் அப்சர்பர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். கையால் அழுத்தும் வேகம் வேறு, சாலையில் விழும் அடியின் வேகம் வேறு.

2. கசிவு: ஸ்டீயரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, காரை அணைத்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். லேசாக ஈரம் படிந்து தூசி ஒட்டியிருந்தால் பயமில்லை. ஆயில் வழிந்து கீழ்வரை இறங்கியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இதற்காக ஜாக்கி போட்டுத் தூக்கிய காரின் அடியில் மட்டும் நுழையாதீர்கள்.

3. டயர்: டயரின் மேல்பரப்பைப் பாருங்கள், உள்ளங்கையால் மெதுவாகத் தடவுங்கள். சுற்றிலும் திட்டுத்திட்டாகக் குழிந்து மேடு தட்டுப்பட்டால், சக்கரம் துள்ளி ஓடியிருக்கிறது.

4. பிரேக்: காலியான சாலையில் மெதுவான வேகத்தில் பிரேக் பிடியுங்கள். கார் நின்ற பிறகும் மூக்கு குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிகிறதா?

5. ஹெட்லைட்: இரவில் சாதாரணச் சாலையில்கூட வெளிச்சம் மேலும் கீழும் அலைகிறதா? சமமாக லோடு ஏற்றியும் அப்படி இருந்தால், ஆட்டம் அடங்கவில்லை என்று அர்த்தம்.

சத்தம் வந்தால் ஷாக் அப்சர்பர்தானா?

பணம் வீணாகும் இடம் இதுதான். 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டதும் ஷாக் அப்சர்பரை மாற்றிவிட்டு, சத்தம் போகாமல் திரும்ப வருபவர்கள் நிறைய. ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் என எது தேய்ந்தாலும் அதே போன்ற சத்தம் வரும். இவற்றில் சில, ஷாக் அப்சர்பரைவிட விலை குறைந்தவை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் 'கடக்' என்று கேட்டால், ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் மவுன்ட் பேரிங் காரணமாக இருக்கலாம். எனவே, காரை லிஃப்ட்டில் ஏற்றி, ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்து, எது தேய்ந்தது என்று காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு எஸ்டிமேட்டுக்குச் சம்மதியுங்கள்.

ஒன்று போதுமா, இரண்டும் மாற்றணுமா?

ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும், அதே அச்சில் உள்ள இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வளைவிலும் பிரேக்கிலும் கார் ஒரு பக்கமாக நடந்துகொள்ளும். ஆனால், முன்பக்கம் மாற்றினால் பின்பக்கமும் மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. பின்பக்கம் சோதனையில் தேறினால் அதை விட்டுவிடலாம்.

முன்பக்கம் மாற்றும்போது ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் ஆகியவற்றையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றுவது நல்லது. பின்னாளில் இதில் ஒன்றை மாற்ற வேண்டும் என்றாலும், ஸ்ட்ரட்டை முழுவதுமாக மறுபடி கழற்ற வேண்டும். கூலி இரண்டு மடங்கு.

உதிரிபாகம் வாங்கும்போது மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலில் பெட்ரோல், டீசல் என்று வேறுபடலாம். முன்பக்க இடதும் வலதும் பல கார்களில் தனித்தனி எண் கொண்டவை. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரிபாகம் மலிவாகக் கிடைக்கும். கதவோ கண்ணாடியோ அப்படி வாங்கலாம். ஆனால், உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்று வெளியே தெரியாத ஷாக் அப்சர்பரைப் பழையதாக வாங்குவதில் அர்த்தம் இல்லை. சீல் மாற்றி, ஆயில் ஊற்றித் தருவதிலும் இதே சிக்கல்தான். வால்வின் தேய்மானமும், நைட்ரஜன் கேஸ் நிரப்பிய வகை என்றால் அந்த அழுத்தமும் பழைய நிலைக்கு வந்ததா என்பது நமக்குத் தெரியாது. ஸ்பிரிங் நடுவே செருகும் ரப்பர் பஃபரும் மாற்று அல்ல. அது காரைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தும், ஆட்டத்தை அடக்காது.

வீட்டில் கழற்றலாமா?

பின்பக்க ஷாக் அப்சர்பரைச் சரியான கருவிகளும் ஸ்டாண்டும் வைத்துக்கொண்டு பழகியவர்கள் மாற்றுவது உண்டு. முன்பக்க ஸ்ட்ரட்டைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள ஸ்பிரிங் பெரும் விசையோடு அமுங்கியிருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவியால் அதைப் பிடித்து வைக்காமல் உச்சியில் உள்ள நட்டைக் கழற்றினால், ஸ்பிரிங் வெடித்ததுபோல் பாயும். உயிருக்கே ஆபத்து.

காரை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

* கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். புதிய பெட்டியில் உள்ள எண்ணையும் பில்லையும் ஒப்பிடுங்கள்.
* பின்பக்க ஷாக் அப்சர்பரின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, கார் தரையில் நின்ற நிலையில் கடைசியாக இறுக்கினார்களா என்று கேளுங்கள். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.
* முன்பக்கம் மாற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதற்கான பிரின்ட் அவுட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
* வாரன்ட்டி எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

சின்னக் கார்களில் இது அரை நாளில் முடிகிற வேலை. தள்ளிப்போட்டால், திட்டுத்திட்டாகத் தேய்ந்த டயர்களின் செலவும் இதோடு சேரும். மாற்றிய முதல் இரண்டு, மூன்று நாள்கள் கார் கொஞ்சம் கடினமாகத் தெரியலாம். பழைய ஆட்டத்துக்குப் பழகிய கை அது, சரியாகிவிடும்.

பண்டிகைக் கூட்டத்தில் ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைப்பது கஷ்டம். அலைன்மென்ட் பார்க்கவும், 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கவும் நேரம் வேண்டும். அதனால் ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள் வரை காத்திருக்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பே அந்த மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்துவிடுங்கள்.