ரிம் உடைந்தால் யார் பொறுப்பு?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நானும் நண்பர் ஒருவரும் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தோம். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகக் குறுக்கே பதித்திருந்த கருங்கல்லில் இருவரின் பின்சக்கரங்களும் 'டக்'கென்று மோதின. என்னுடையது அலாய், அதாவது அலுமினிய ரிம். ஓரம் கட்டைவிரல் அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது. ஊருக்கு வந்ததும் சைக்கிள் கடைக்காரர் இடுக்கியால் நிமிர்த்தி, கோட்டம் எடுத்துக் கொடுத்தார். கூலி 150 ரூபாய். நண்பருடையது கார்பன் ரிம். வெளிப்பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்று மாலை சேற்றைக் கழுவித் துடைத்துவிட்டு நகத்தால் வருடியபோதுதான், தலைமுடி கிடப்பதுபோல ஒரு கோடு தட்டுப்பட்டது.

விற்றவரிடம் போனார். "ஓட்டினதுல அடிபட்டது சார், வாரண்டியில வராது. பில் இருக்கா?" பில் இல்லை. வரி மிச்சம் என்று பில்லை வேண்டாமென்று விட்டவரும் நண்பர்தான்.

மலைப்பாதைப் பந்தய சைக்கிளுக்கு, அதாவது எக்ஸ்சி என்கிற கிராஸ்கண்ட்ரி வகைக்கு, கார்பன் சக்கரமா அலுமினியமா என்று கேட்பவர்கள் முதலில் எடையைத்தான் பேசுவார்கள். நல்ல அலுமினியச் சக்கர ஜோடி ஏறக்குறைய 1,800 கிராம் இருக்கும். கார்பன் 1,400 சொச்சம். வித்தியாசம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கும் குறைவு. ஏற்றத்தில் அது தெரியும், இல்லையென்று சொல்லமாட்டேன். வளைவில் திருப்பினால் கார்பன் சக்கரம் சொன்னபடி கேட்கும், அடிக்கடி கோட்டம் எடுக்கவும் வேண்டாம். ஆனால் விலை பல மடங்கு. அந்தக் காசுக்கு நீங்கள் வாங்குவதில் பாதி, உடைந்தால் மாற்றித் தருவேன் என்ற வாக்குறுதி. அந்த வாக்குறுதி எழுத்தில் இல்லாவிட்டால் பாதிச் சக்கரத்தைத்தான் வாங்குகிறீர்கள்.

அலுமினியம் அடிபட்டால் நெளியும். நெளிந்தது கண்ணுக்குத் தெரியும். தரமான கார்பன் ரிம், அலுமினியம் நெளிகிற அடியைக்கூடப் பல நேரம் தாங்கிவிடும். தாங்கும் எல்லையைத் தாண்டினால் நெளியாது, விரிசல் விடும். மேலே பூச்சு முழுசாக இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கவும் கூடும். நாணயத்தால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்கும் என்பார்கள். சந்தேகப்பட அது போதும், நல்ல ரிம் என்று முடிவுகட்டப் போதாது. விரிசலை வெறும் விரலால் தடவ வேண்டாம். கார்பன் நார் சிலாம்பைவிட மோசமாக ஏறும்.

இரண்டு ரிம்முக்கும் பெரிய எமன் காற்றழுத்தம். தெருமுனைக் கடையில் கம்ப்ரசரை வைத்து, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி ஏத்திட்டேன்" என்பார்கள். ரிம்மின் மேல் ஒரு உச்ச அளவும் டயரின் மேல் ஒரு உச்ச அளவும் போட்டிருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. கொக்கி விளிம்பு இல்லாத ரிம்மில் இதை மீறினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுகொள்ளலாம். காற்று மிகவும் குறைந்தாலும் கல் நேராக ரிம்மில் இடிக்கும். எழுபது கிலோ ஆள், டியூப்லெஸ், 2.3 அங்குல டயர் என்றால் இருபது பிஎஸ்ஐயை ஒட்டி ஆரம்பித்துப் பாருங்கள். அழுத்தமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இது சட்டத்துக்கும் உதவும், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

பெயரில்லாத கார்பன் ரிம்கள் மலிவாக வருகின்றன. ஐஎஸ்ஓ 4210 என்ற சைக்கிள் பாதுகாப்புத் தரப்படி சோதித்ததா, ஓட்டுபவரின் எடை வரம்பு என்ன, எந்த அகல டயர் போடலாம் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பழைய சக்கரம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பெரும்பாலான வாரண்டிகள் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். உற்பத்திக் குறைக்கான வாரண்டி வேறு, விழுந்து உடைந்தால் சலுகை விலையில் மாற்றித் தரும் திட்டம் வேறு. இரண்டையும் கடைக்காரர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள், பிரித்துக் கேளுங்கள்.

ஒரே ஒரு ஜோடிச் சக்கரம்தான், அதிலேயே அலுவலகத்துக்கும் போகவேண்டும், உடைந்தால் உடனே இன்னொன்று வாங்க வழியில்லை என்றால் என் தீர்ப்பு அலுமினியம்.

சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறை. பில்லை நண்பர் மாதிரி நீங்களாக விட்டுக்கொடுத்தால் அந்தப் பலமும் போய்விடும். பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸாப் பேச்சும் சாட்சியாகும்தான், ஆனால் பில்லின் இடத்தை நிரப்பாது. தயாரித்தவர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார், நம் சட்டம் அவரை எட்டாது என்றால் அந்தப் பொருளின் குறையால் நேரும் தீங்குக்கு இங்கே விற்றவரே பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்று 86-ஆம் பிரிவு சொல்கிறது. "நான் வாங்கி விக்கிறவன்தான் சார்" என்று தப்ப முடியாது. அதே சட்டம் 87-ஆம் பிரிவில், பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவரை விடுவிக்கிறது. கல்லு மாதிரி காற்று ஏற்றி ஓட்டியிருந்தால் அங்கேதான் மாட்டுவீர்கள். அழுத்தமானி வாங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டு.

குறை உற்பத்தியிலா, ஓட்டியதிலா என்று ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பிக் கேட்கலாம். ஆகவே விரிசலைக் கண்ட அன்றே படம் எடுத்துவையுங்கள். பழுதுபார்க்க விடாதீர்கள். "கம்பெனிக்கு அனுப்பிப் பாக்குறேன்" என்று கடைக்காரர் கேட்டால், கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாமல் அந்த ரிம்மைக் கொடுத்துவிடாதீர்கள்.