பாறையோடு வந்தது யார்?

இரவு பதினொரு மணி. பாரிஸின் லாச்சப்பலில் எங்கள் நாலாம் மாடி வீட்டில், பவளத்தொட்டியின் விளக்கை அணைத்து ஒரு மணி நேரமாகிறது. சிவப்புத்தாள் சுற்றிய டோர்ச்சோடு தரையில் குந்தியிருக்கிறேன். பாறை இடுக்கிலிருந்து விரல் நீளப் புழு ஒன்று வெளியே வருகிறது. இரண்டு பக்கமும் வெள்ளை மயிர். மிஞ்சிக் கிடக்கும் மீன்தீனியைத் தேடுகிறது. இதை நான் கடையில் வாங்கவில்லை.

வாங்கியது உயிர்ப்பாறை. செத்த பவளத்தின் எலும்புக்கூடுதான் அது. அதன் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் மீன்கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவதால்தான் தொட்டியில் மீன் பிழைக்கிறது. அதே துளைகளில் புழு, நண்டு, நத்தை, இறால் எல்லாம் கடல் தாண்டி வந்துவிடுகின்றன.

கண்டதும் கொல்லத்தான் கை போகும். ஆனால் இந்த மயிர்ப்புழுக்களில் பெரும்பாலானவை கழிவு தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை. பவளத்தைத் தின்னும் தீப்புழு வேறு: அதன் மயிர்க்கொத்துகளின் அடியில் சிவந்த செவுள்கள் தெரியும், தலையில் மடிப்பு மடிப்பாக ஒரு சதைக்கொண்டை இருக்கும். எதுவானாலும் வெறுங்கையால் தொடக்கூடாது. மயிர் தோலில் முறிந்து நின்று எரியும்.

இரவில் 'டக்' என்று சத்தம் கேட்டாலும் இதே குழப்பம்தான். ஒரு கொடுக்கை மட்டும் பெரிதாக வைத்திருக்கும் சின்ன இறாலாக இருக்கலாம். அதனால் பெரிய கெடுதல் இல்லை. கும்பிடுபூச்சி போல முன்கால்களை மடக்கி வைத்திருக்கும் பிராணியாக இருந்தால், அது நண்டையும் நத்தையையும் ஓட்டோடு உடைத்துத் தின்றுவிடும். கொல்ல நினைத்தாலும் எல்லாம் சாகாது: பழுப்பு நிறக் கடல்சாமந்தியான ஐப்டேசியாவை நறுக்கி எறிந்தாலோ, ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்தே புதிதாக முளைக்கும்.

பாறையைக் கொதிக்கவைத்து எல்லாவற்றையும் ஒழித்துவிடலாம் என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள். பொத்தான் போன்ற சில பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஆவியோடு மூச்சில் ஏறும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷியரில், வீட்டுத்தொட்டிப் பவளத்தின் நஞ்சால் ஒரு குடும்பமும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போகவேண்டி வந்தது.

ஆள் யாரென்று அறிவது பெரிய அறிஞர்களுக்கே சுலபமாக இருந்ததில்லை. பக்கத்து கார் து நோர் நிலையத்தில் ஐந்தாம் இலக்க மெட்ரோ ஏறி ஓஸ்தெர்லிட்ஸில் இறங்கினால் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தோட்டம். அங்கே பேராசிரியராக இருந்த ஜார்ஜ் குவியேவிடம், நீஸ் கடலில் பிடித்த பேய்க்கணவாய்களில் ஒட்டியிருந்த விசித்திர 'புழுக்கள்' வந்து சேர்ந்தன. உடல் முழுக்க உறிஞ்சிகள். 1829இல் அவற்றை ஒட்டுண்ணிப் புழு என்று முடிவுகட்டி, நூறு கிண்ணம் என்ற பொருளில் 'ஹெக்டோகோட்டிலஸ்' எனப் பெயரிட்டார். உண்மையில் அது புழுவே அல்ல. இணைசேரும்போது ஆண் கழற்றிவிட்டுப் போகும் கை! ஆர்கொனாட் என்ற ஓடுள்ள பேய்க்கணவாயின் குட்டி ஆணை ஹைன்ரிஹ் முல்லர் என்ற ஆய்வாளர் 1853இல் விவரித்த பிறகுதான் விஷயம் தெளிந்தது. உலகின் தலைசிறந்த உடற்கூற்றியலாளர் கையில் கிடைத்தது செத்த துண்டு. உயிரோடு அதன் நடமாட்டம் அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஆர்கொனாட்டை உயிரோடு பார்த்தவர் ஒரு பெண். பாரிஸில் தையல்வேலை செய்த ழான் வில்ப்ரே, சிசிலியின் மெசினாவுக்குப் போய் அங்கே மணமுடித்தார். துறவி நண்டு போல ஆர்கொனாட்டும் பிறர் ஓட்டில் புகுந்துகொள்கிறது என்று பலர் நம்பிய காலம் அது. 1832 முதல் அவர் கண்ணாடித்தொட்டி செய்து, அதில் கடல்நீர் நிரப்பி, நாள்தோறும் கவனித்தார். ஓட்டை உடைத்துப் பார்த்தார்; அந்தப் பிராணி தன் கையாலேயே பழுதுபார்த்தது. ஓடு அதற்குச் சொந்தமானது. நாம் வீட்டில் வைத்திருக்கும் தொட்டியின் முன்னோடியே இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் பிறந்ததுதான்.

என் புழுவுக்கு இது எட்டாம் இரவு. இதுவரை பவளத்தின் பக்கம் அது போகவில்லை. செவுளின் நிறம் இன்னும் சரியாகத் தெரியவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பைப் பிரித்தறிய முடியாது. நாளைக்கு ஒரு நொடி வெள்ளை விளக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.